கத்தரி வைக்கும் முன் ஒரு துண்டை எரித்துப் பாருங்கள்

மேடை உடைகள் தைப்பது என் தொழில். பழங்கால உடைகளை வீட்டிலேயே தைத்துவிட்டு, கடைசி நேரத்தில் சிறு திருத்தங்களுக்காக என்னிடம் வருபவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு தாய், தனக்கும் இரண்டு மகள்களுக்கும் 1860களின் ஐரோப்பிய உடைகளைத் தைத்திருந்தார். கையால் போட்ட தையல், நான்கு அடுக்கு நெட் பாவாடை, கைநுனியில் லேஸ். இடுப்பைச் சற்றுப் பிடித்துத் தந்தால் போதும் என்றார். அதோடு, "மூவரும் மெழுகுவர்த்தி ஏந்திப் படம் எடுக்கப் போகிறோம்" என்றும் சொன்னார்.

மிஞ்சிய நெட் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டியின் மேல் தீக்குச்சியைக் காட்டினேன். நான் மூன்று எண்ணவில்லை, துண்டு தீர்ந்துவிட்டது. உருகிச் சொட்டியது தொட்டியில் கறுப்பு மணிகளாக ஒட்டிக்கொண்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாம் ஆசையோடு பார்த்துத் தைக்கும் அந்த உடைகள், அவற்றை உடுத்தியவர்களையே எரித்திருக்கின்றன. கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபேனி 1861 ஜூலையில் உடையில் தீப்பிடித்து இறந்தார். கம்பளத்தைப் போர்த்தி அணைக்க முயன்ற கணவரின் முகமும் கைகளும் வெந்தன. 1862இல் பாரிஸ் ஓபரா ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற நடனக் கலைஞரின் மெல்லிய பாவாடை எரிவாயு விளக்கில் பட்டது. எட்டு மாதங்கள் வேதனைப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 20. தீயைத் தாங்கும் கரைசலில் தோய்த்த துணி அப்போதே கிடைத்தது. அது விறைப்பாக, மங்கலாக இருக்கிறது என்று அவர் மறுத்திருந்தார். அழகைப் பார்த்துத் துணியைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மெல்லிய, இடைவெளி விட்ட நெசவில் ஒவ்வோர் இழையையும் காற்று சூழ்ந்திருக்கும். உள்ளே வளையம் வைத்து விரித்த பாவாடை புகைபோக்கியைப் போலக் காற்றை மேலே இழுக்கும். கீழ் ஓரத்தில் பிடித்த தீ நொடிகளில் முகத்துக்கு வந்துவிடும்.

"பருத்திதானே, பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். லேசான பருத்தி காகிதத்தைப் போல எரியும். வாசமும் எரிந்த காகித வாசம்தான். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். இரண்டும் கலந்த துணியில், உருகுவது வழிந்து விழாதபடி பருத்தி இழை தாங்கிப் பிடித்து எரிய வைக்கும். கம்பளித் துணி மட்டும் எளிதில் பற்றாது. தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், முடி கருகும் நாற்றம் வரும். அந்தத் தாய்க்கும் மெல்லிய கம்பளித் துணியில் பாவாடையை மாற்றித் தைத்தோம். அக்காலப் பெண்கள் கம்பளியும் உடுத்தியதால் வரலாறும் கெடவில்லை. மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. எந்தத் துணியானாலும் தீயருகே போகக் கூடாது. நல்ல துணி நமக்குச் சில நொடிகளைக் கூடுதலாகத் தரும், அவ்வளவுதான்.

சோதனையைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். லேஸ், லைனிங், போலி ரோமம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டை எரித்துப் பாருங்கள். அரச அங்கியின் ஓரத்திலும் கிழவர் தாடியிலும் பஞ்சு ஒட்டுவதை அறவே விடுங்கள். 1891 புத்தாண்டு நாளில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரை ஒட்டிய வொர்ட்லியில், பஞ்சு வைத்த வெண்பனித் துகள் வேடமிட்ட சிறுமிகளின் உடையில் விளக்குத் தீ பட்டது. 11 சிறுமிகள் இறந்தார்கள். பஞ்சை ஒட்டியவர்களும் அன்போடுதான் ஒட்டியிருப்பார்கள்.

அங்கியைக் கழுத்தில் நாடாவால் முடிச்சுப் போடாதீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்து நாடாவையே ஐரோப்பியத் தரவிதி தடுக்கிறது. இழுத்தால் விட்டுவிடும் வெல்க்ரோ வைத்துத் தையுங்கள். கீழ் ஓரம் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கட்டும்.

தீப்பிடித்தால் குழந்தை முதலில் ஓடும். ஓடினால் தீ வளரும். நிற்க வேண்டும், படுக்க வேண்டும், முகத்தை மூடிக்கொண்டு உருள வேண்டும். பிறகு வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். பனிக்கட்டி வேண்டாம். தோலில் ஒட்டிய துணியை உரிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

உடையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அதைப் போட்டுக்கொண்டே ஒருமுறை தரையில் உருண்டு காட்டும்படி குழந்தைகளிடம் சொல்கிறேன். மடிப்பெல்லாம் கசங்குமே என்று தாய்மார்கள் பதறுகிறார்கள். கசங்கட்டும், நானே இஸ்திரி போட்டுத் தருகிறேன்.