ஒட்டிப் பிறந்த இதழ்கள்

கீழறை சுருங்கும்போது ரத்தம் வெளியேற இதயத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. வலப்பக்கம் நுரையீரலுக்கு, இடப்பக்கம் மகாதமனி வழியாக உடலுக்கு. இரண்டிலும் மெல்லிய மூன்று இதழ்கள் கொண்ட வால்வு. கருவில் உருவாகும்போதே இந்த இதழ்கள் ஓரங்களில் ஒட்டிப்போனால், வாசல் பாதிதான் திறக்கும்.

அடைப்பு வால்வில், அவதி தசைக்கு. குறுகிய வழியில் அதே அளவு ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் கீழறைச் சுவர் தடிக்கிறது. கைத்தசை தடித்தால் பலம்; இதயத்தசை தடித்தால் விறைப்பு, அதற்கே கூடுதல் ரத்தம் தேவை. மகாதமனி வால்வு மிகவும் குறுகியிருக்கும் குழந்தை ஓடும்போது அந்தத் தேவை ஈடாகாமல் நெஞ்சு வலிக்கலாம், மயக்கம் வரலாம். ‘சாப்பிடாம ஓடினான்’ என்று விட்டுவிடக் கூடாத மயக்கம் இது.

ஆனால் பல குழந்தைகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல்தான் வளர்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ‘உஸ்’ சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அதே சீற்றம். எக்கோ கருவி அந்த வேகத்தை அளக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைக்கும். நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம். வலது கீழறை சாதாரணமாக உண்டாக்கும் அழுத்தமே சுமார் 25தான் என்பதை நினைத்தால் சுமை புரியும்.

வால்வு ஏறக்குறைய மூடியே இருந்தாலும் வயிற்றில் குழந்தை நன்றாகவே வளரக்கூடும். நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் அப்போது திறந்திருக்கிறது. பிறந்த ஓரிரு நாளில் அது மூடத் தொடங்கும். அடைபட்டது நுரையீரல் வால்வு என்றால் குழந்தை நீலம் பாயும். மகாதமனி வால்வு என்றால் வெளிறித் துவளும். புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மூடும் குழாயைத் திறந்தே வைத்து அவகாசம் வாங்குகிறார்கள்.

அடுத்தது பலூன். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியே நுழைத்து வால்வுக்குள் ஊதினால், ஒட்டிய இடம் கிழிந்து வாசல் விரியும். நுரையீரல் வால்வுக்கு இம்முறையை ஜீன் கேன் குழுவினர் 1982இல் வெளியிட்டார்கள். இதழ்கள் ஒட்டாமல் வெறுமனே தடித்திருந்தால் கிழிய எதுவும் இல்லை. பலூன் அவ்வளவாகப் பலிக்காது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கிழியும்போது கொஞ்சம் பின்கசிவும் வரும். நுரையீரல் பக்கம் அழுத்தம் குறைவு, இதயம் அதைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும். மகாதமனிப் பக்கம் அப்படியல்ல. அங்கே மருத்துவர்கள் சற்றுச் சிறிய பலூனையே எடுத்து, மிச்சக் குறுகலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.