பிளாஸ்ட் அடிக்கும்போது பிலிம் பிய்ந்து போகிறதா? எக்ஸ்போஷர் மேசையைப் பாருங்கள்

ஒளியில் இறுகும் பிலிமைக் கண்ணாடியில் ஒட்டி, காற்றழுத்தத்தில் பொடித்துகளை அடித்து (இதுதான் பிளாஸ்ட்) உருவம் செதுக்கும் கண்ணாடி எட்சிங் செய்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்றுதான்: "நாசிலைத் திறந்ததுமே பிலிம் பிய்ச்சுக்கிட்டுப் போகுது." உடனே பிரஷரைக் குறைக்கிறார்கள், பசையை மாற்றுகிறார்கள், கடைசியில் பிலிம் கம்பெனியையே மாற்றிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் பிளாஸ்ட் கேபினெட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்த பிலிமில் புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகும். மேலே வைக்கும் ஆர்ட்வொர்க்கின் (ஒளி புகும் தாளில் கறுப்பாக அச்சிட்ட வடிவம்) கறுப்பு மறைத்த இடம் இளகியே இருந்து, தண்ணீரில் கரைந்து போகும். ஒளி போதாவிட்டால் இறுகவேண்டிய பகுதியும் அரைகுறையாகவே நிற்கும். கழுவி முடித்ததும் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தாலோ, மெல்லிய கோடுகள் நெளிந்து நகர்ந்திருந்தாலோ எக்ஸ்போஷர் (ஒளி கொடுத்த அளவு) குறைவு. அதை எவ்வளவு பக்குவமாக ஒட்டினாலும் பிளாஸ்ட்டில் நிற்காது. ஒளி அதிகமானால் இதற்கு நேர்மாறு: கறுப்பின் ஓரத்தில் ஒளி கசிந்து, சின்ன எழுத்துகள் திறக்கவே திறக்காது. அப்போது தண்ணீரை வேகமாக அடித்துத் திறக்கப் பார்ப்பார்கள். திறக்க வேண்டியது திறக்காமல், நன்றாக இருந்த ஓரம் கிழியும்.

இதற்கு ஒரே வழி படிச்சோதனைதான். மெல்லிய கோடும் பொடி எழுத்தும் உள்ள ஆர்ட்வொர்க்கை ஒரு துண்டு பிலிமில் வைத்து, அட்டையால் மூடிக்கொண்டு, படிப்படியாக நகர்த்தி 20, 40, 60, 80 விநாடி என்று ஒளி கொடுங்கள். விளக்கைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். கழுவிய பிறகு எந்தப் பட்டையில் பொடி எழுத்தும் திறந்து, மெல்லிய கோடும் நிற்கிறதோ அதுதான் உங்கள் நேரம். விளக்கின் பழைய டியூப் கண்ணுக்கு அதே நீலமாகத்தான் எரியும், ஆனால் புற ஊதா ஒளி குறைந்துகொண்டே போகும். அதனால் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும்; டியூப் மாற்றினால் கட்டாயம்.

நேரம் சரி, அப்படியும் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக எட்ச் ஆகாமல் நிற்கிறதா? ஆர்ட்வொர்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். லேசர் பிரின்ட்டின் கறுப்பில் ஊசித்துளைகள் தெரியும். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒளி போய் அங்கே பிலிமை இறுக்கிவிடும். மை உள்ள பக்கம் பிலிமைத் தொட்டபடி, இடைவெளியில்லாமல் அழுந்தி இருக்கவும் வேண்டும். வேக்கூம் ஃபிரேம் (காற்றை உறிஞ்சி இரண்டையும் அழுத்திப் பிடிக்கும் சட்டம்) இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

அப்புறம் ஈரம். கழுவிய பிலிம் முழுதாக உலராமல் பிளாஸ்ட்டுக்குப் போகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில், உலர்த்தி வைத்த பிலிம்கூடக் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி இளகும். மீதி பிலிமை ஒளியும் ஈரமும் புகாத உறையில் வையுங்கள். அவசரத்துக்கு அதிகச் சூடு காட்டினால் மொறுமொறுவென்றாகி, மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கும்போதே விரிசல் விடும். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வந்தாலும் பிலிம் இளகும். குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் போடுங்கள்.

பிரஷர் விஷயம் எளிது. கண்ணாடிக்கு 30 முதல் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), நாசிலை நேராகப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அடித்தால் போதும். ஆழமாகச் செதுக்க வேண்டுமென்றால் தடித்த பிலிம் எடுங்கள்.

காசு மிச்சம் என்று ஆற்று மணலைச் சலித்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனது பதறுகிறது. ஒழுங்கற்ற பருமணிகள் மெல்லிய கோட்டைத் தட்டித் தள்ளும் என்பது சின்ன விஷயம். அந்த மணலில் உள்ள சிலிக்கா உடைந்து நுண்தூளாகி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருந்தது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் அந்தத் தூள் நிற்காது. 150 அல்லது 180 கிரிட் (துகளின் பருமன் அளவு) அலுமினியம் ஆக்சைடு வாங்குங்கள். சலித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கேபினெட் கதவின் ரப்பரும் கையுறையும் கிழிந்திருந்தால், அதை மாற்றிய பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.