நேபாள நிலநடுக்கம்: வீட்டு மானியத்தில் பெண்களின் பங்கு என்ன, அது எங்கே சிக்கியது?

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11.56 மணி. கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் பகுதியை மையமாகக் கொண்டு 7.8 அளவில் நிலம் நடுங்கியது. மே 12இல் டோலகா மாவட்டத்தின் பக்கம் 7.3 அளவில் மறுபடியும் ஒன்று. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் பெண்களும் சிறுமிகளும்தான். ஏறக்குறைய 5 லட்சம் வீடுகள் தரைமட்டமாயின. மலைக்கிராமத்து ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போயிருந்தார்கள். அதனால் பிழைத்தவர்களுக்கு நிவாரணம் கேட்டு வரிசையில் போய் நின்றதும் பெரும்பாலும் பெண்களே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு நிவாரணம் இல்லை என்று நேபாள அரசின் எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் பணம் வீட்டு உரிமையாளர் பெயருக்குப் போனது. உரிமையாளர் யார் என்று காட்டும் காகிதம் ஆண் பெயரில் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் நாலில் ஒரு குடும்பத்துக்குப் பெண்தான் தலைவி. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பத்தில்தான் பெண் பேரில் சொத்து இருந்தது. இந்தத் திட்டத்தில் பெண்கள் பட்ட பாடு முக்கால்வாசியும் இங்கிருந்து தொடங்கியதுதான்.

முதலில் அவசர உதவி. இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம் நேபாள ரூபாயும், இறுதிச் சடங்குக்கு 40,000 ரூபாயும் அறிவித்தார்கள். வீடு இழந்தவர்களுக்குத் தற்காலிகக் கொட்டகை போட 15,000, குளிர்காலத்துக்கு 10,000. யார் பாதிக்கப்பட்டவர் என்று பட்டியல் போட்டது உள்ளூர்க் குழு. அப்போது நேபாளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, பட்டியலைக் கையில் வைத்திருந்தது அதிகாரிகளும் கட்சிக்காரர்களும்தான். அந்தக் கூட்டத்துக்குள் போய்ப் பேசி இடம்பிடிக்க, தனியாக இருக்கும் ஒரு தலித் விதவைக்கு என்ன வழி இருந்திருக்கும்?

அப்புறம்தான் பெரிய திட்டம் வந்தது. 2015 டிசம்பரில் தேசிய மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. வீட்டு மானியம் முதலில் 2 லட்சம் ரூபாய் என்றார்கள். 2016இல் அதை 3 லட்சமாக உயர்த்தினார்கள். அது மூன்று தவணையாக வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் 50,000. அடித்தளம் முடிந்து பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்ததும் 1,50,000. சுவர் எழும்பிக் கூரை மட்டம் வந்ததும் மீதி 1 லட்சம். வீடு முழுக்க இடியாமல் விரிசல் விட்டிருந்தால், பலப்படுத்த 1 லட்சம்.

இதற்கு என்ன காகிதம் வேண்டியிருந்தது? குடியுரிமைச் சான்றிதழ், லால்புர்ஜா எனப்படும் நிலப் பட்டா, பெயர் பட்டியலில் இருப்பதற்கான அடையாள அட்டை, வங்கிக் கணக்கு. எளிதாகத் தெரியும். ஆனால் சிந்துபால்சோக் மாவட்ட மலையில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பட்டா இறந்துபோன மாமனார் பேரில் இருக்கிறது, இன்னும் பெயர் மாற்றவில்லை. கணவர் கத்தாரில். மனைவி இன்னும் குடியுரிமைச் சான்றிதழே எடுக்கவில்லை. எடுக்கப் போனால் கணவரோ அவர் வீட்டாரோ வந்து சான்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். அவள் எந்த மேசைக்குப் போனாலும் இன்னொருவருடைய கையெழுத்து இல்லாமல் வேலை நகராது. கொழுந்தனாரோடு பாகத் தகராறு இருந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். ஒரே பட்டாவில் தனித்தனி அடுப்பு வைத்து வாழ்ந்த மருமகள்கள் பலர், தங்களைத் தனிக் குடும்பமாகக் கணக்கெடுக்கவில்லை என்று முறையிட்டார்கள்.

இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், குடும்பத்தில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க முடிந்தது. பட்டா இல்லாதவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சாட்சியும் வார்டு அலுவலகப் பரிந்துரையும் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள். நிலமே இல்லாதவர்களுக்கும், இடம்பெயர்ந்தே ஆக வேண்டியவர்களுக்கும் நிலம் வாங்க 2 லட்சம் தனியாக இருந்தது. பட்டியலில் பெயர் விடுபட்டால் மனு கொடுக்க முடிந்தது. அப்படி வந்த மனுக்கள் லட்சக்கணக்கில். மனு கொடுத்தால் மறுபடி ஆய்வுக்கு வந்தார்கள். இதையெல்லாம் யாராவது வீடு தேடி வந்து சொன்னால்தானே தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு, விதி தளர்ந்தது என்ற செய்தி போய்ச் சேருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விடும்.

கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டாக நிலத்தைப் பதிவு செய்ய அப்போது 100 ரூபாய்தான் கட்டணம். நிலநடுக்கத்துக்கு முன்பே வந்த ஏற்பாடு இது. என்னைக் கேட்டால், மறுசீரமைப்புக் காலத்தில் பெண்களுக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை. வீட்டுப் பணம் ஒருமுறை வந்து தீர்ந்துவிடும். பட்டாவில் பெயர் ஏறினால் அடுத்த கடன், அடுத்த மானியம், அடுத்த வழக்கு எல்லாவற்றுக்கும் அது நிற்கும். மானிய ஒப்பந்தம் போட வரும்போதே கூட்டுப் பதிவையும் சேர்த்துச் செய்திருக்க வேண்டும். பல ஊர்களில் தொண்டு அமைப்புகள் இதற்காக முகாம் நடத்தின. ஆனால் அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை.

நலிந்தவர்கள் என்று தனிப் பிரிவும் வைத்தார்கள். 70 வயதைத் தாண்டிய முதியோர், 65 வயதைத் தாண்டிய தனித்து வாழும் பெண்கள், 16 வயதுக்கு உட்பட்ட ஆதரவற்ற பிள்ளைகள், கடும் மாற்றுத்திறன் உள்ளவர்கள். இவர்களுக்கு மேலதிகமாக 50,000 ரூபாயும், கட்டுமானத்தில் கைகொடுக்க ஆளும். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளில் இந்தப் பட்டியலில் வந்தது 18,000-க்குச் சற்று மேல்தான். 65 வயது என்ற அந்த வரம்பை என்னால் ஏற்க முடியவில்லை. 35 வயதில் கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருப்பவள் நலிந்தவள் இல்லையா?

பணம் கைக்கு வந்த பிறகும் சிரமம் தீரவில்லை. பொறியாளர் வந்து பார்ப்பது நிலநடுக்கம் தாங்கும் விதிகளை: அடித்தளப் பட்டை இருக்கிறதா, சுவரின் இரு முகத்தையும் கட்டிப்பிடிக்கும் நீளக்கல் போட்டிருக்கிறதா, மூலைகள் ஒழுங்காகப் பிணைந்திருக்கிறதா என்று. ஒன்று குறைந்தாலும் தவணை நிற்கும். கொத்தனாரிடம் அதட்டி வேலை வாங்க வேண்டும். கம்பியும் சிமென்டும் மலைமேல் ஏற்றக் கூலி கொடுக்க வேண்டும். 3 லட்சத்தில் வீடு முடியாது. வங்கிக் கடன் சலுகை அறிவித்தும் ஏழைக்கு எட்டவில்லை. ரெண்டு வட்டி, மூணு வட்டிக்கு ஊர்க்காரரிடம் வாங்கினார்கள். கடைசித் தேதிக்குள் தவணை வாங்க வேண்டுமே என்று ஒற்றை அறை மட்டும் கட்டி முடித்தவர்கள் ஏராளம். இதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 7 நாள், 50 நாள் கொத்தனார் பயிற்சிகளில் பெண்களும் சேர்ந்து, தங்கள் ஊர் வீடுகளைத் தாங்களே கட்டினார்கள்.

சரி, வீடு கட்டும்வரை முகாமில் என்ன உரிமை? உலகெங்கும் நிவாரண அமைப்புகள் ஒப்புக்கொண்ட அளவுகோல் உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம், ஆண் பெண் தனிக் கழிப்பறை, அதற்கு உள்தாழ்ப்பாள், இரவில் வெளிச்சம். ஆணுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்ணுக்கு மூன்று. மாதவிடாய்த் துணியோ அணையாடையோ நிவாரணப் பொதியில் கட்டாயம் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 1,26,000 கர்ப்பிணிகள் இருப்பதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் அப்போது கணக்கிட்டது. அவர்களுக்குப் பிரசவ வசதி, அரிசி பருப்பைப் போலவே முதல் நாளிலிருந்து தர வேண்டிய உதவி. நிவாரணப் பொருள் முற்றிலும் இலவசம். அதற்குப் பதிலாகப் பணமோ உடலோ கேட்பவர் எந்த அமைப்பின் ஊழியராக இருந்தாலும் அது குற்றம். புகார் கொடுத்ததற்காக உதவியை நிறுத்த முடியாது.

வன்முறை நடந்தால் சட்டம் அன்று எப்படி இருந்தது தெரியுமா? வன்புணர்வுப் புகாரை 35 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சாலை துண்டித்து, காவல் நிலையமே இடிந்து கிடந்த ஊரில் 35 நாள்! 2015 கடைசியில் அதை 180 நாளாக்கினார்கள். 2018இல் வந்த புதிய சட்டத்தில் ஓர் ஆண்டு ஆயிற்று. 2022இல் வயதுவந்தவர்களுக்கு 2 ஆண்டாக நீட்டினார்கள்.

2015 செப்டம்பர் 20இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பரம்பரைச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை என்கிறது 18ஆவது பிரிவு. 38ஆவது பிரிவு கணவன் மனைவிக்குச் சொத்தில் சம உரிமையும், பாதுகாப்பான தாய்மை உரிமையும், வன்முறைக்கு இழப்பீடும் தருகிறது.

2017இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு வார்டுக் குழுவின் ஐந்து பேரில் இருவர் பெண்கள், அதில் ஒருவர் தலித் பெண் என்பது சட்டம். நகராட்சியில் துணைத் தலைவர் தலைமையில், உள்ளூர்த் தகராறுகளைத் தீர்க்கும் நீதிக்குழு உண்டு. அந்தப் பதவிக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2023 நவம்பர் 3 இரவு ஜாஜர்கோட், மேற்கு ருகும் மாவட்டங்களில் நிலநடுக்கம் வந்து 150-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பட்டியல் போட வார்டில் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருந்தார்கள். தற்காலிக வீட்டுக்கு 25,000 வீதம் இரு தவணையில் 50,000 ரூபாய் அறிவித்தார்கள். மாதவிடாய் நாளில் பெண்ணை வீட்டைவிட்டு ஒதுக்கும் வழக்கம் இன்னும் தொடரும் பகுதி அது. 2018 முதல் அப்படி ஒதுக்குவது 3 மாதச் சிறைக்குரிய குற்றம். கார்த்திகைக் குளிரில் தார்ப்பாயை விட்டு ஒரு பெண்ணை வெளியே போகச் சொன்னால், அவள் வார்டு உறுப்பினரிடமே போய் முறையிடலாம்.