ஒரு பாலம், ஆறு எக்ஸ்போஷர்

சென்னை நேப்பியர் பாலத்தை இரவில் படமெடுக்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும். வளைவுகளில் ஓடும் விளக்குகள் அழகாக விழுந்திருந்தால், கீழே கூவம் வெறும் கருப்பு. தண்ணீரில் ஆடும் பிம்பமும் தெரியட்டும் என்று ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால், விளக்குகள் வெளிறி வளைவே வெள்ளைப் பட்டையாகிவிடும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமென்றால், வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் ஹெச்.டி.ஆர். முறைக்குத்தான் போகவேண்டும்.

கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஓர் உழக்கு மாதிரி. வந்து விழும் ஒளி எலெக்ட்ரான்களாக மாறி அதில் சேரும். நல்ல கேமராவில் ஏறத்தாழ 50,000 எலெக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தபின் எவ்வளவு கொட்டினாலும் அளவு உழக்குதான். விளக்கின் நிறம், வடிவம் எல்லாம் அங்கேயே தொலைந்துவிடும். அடிமட்டத்தில் வேறு சிக்கல். எண்ணிப் படிக்கும்போதே மின்சுற்று இரண்டு மூன்று எலெக்ட்ரான் பிசகும். 50,000-ஐ 3-ஆல் வகுத்தால் சுமார் 16,000 மடங்கு வருகிறது. வெளிச்சம் ஒரு மடங்கு இரட்டிப்பாவதைப் புகைப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். அந்தக் கணக்கில் இது 14 ஸ்டாப். விளக்கு நேராகக் கண்ணில் படும் இரவுக் காட்சியோ 20 ஸ்டாப்பை, அதாவது 10 லட்சம் மடங்கை, எளிதாகத் தாண்டும்.

அதனால் காட்சியைத் துண்டு போட்டு அளக்கிறோம். டிரைபாடில் கேமராவை நிறுத்தி (பாலத்தின் மேலேயே நிறுத்த வேண்டாம், பஸ் போனால் அதிரும்) 1/60, 1/15, 1/4, 1, 4, 15 விநாடி என்று இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஆறு படம். கேமரா 15 என்று காட்டினாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது 16 விநாடி. ஷட்டர் நேரத்தை மட்டுமே மாற்றவேண்டும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவை, மாற்றினால் ஃபோகஸ் ஆழமும் விளக்கைச் சுற்றி வரும் நட்சத்திரக் கதிர்களும் படத்துக்குப் படம் மாறி, பிறகு ஒன்றோடொன்று ஒட்டாது.

நீளமான எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது, இருட்டை வெளிச்சமாக்குவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வெளிச்சத்தைக் கணினியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். நாய்ஸைத்தான், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசிறைத்தான், அப்படிப் போக்க முடியாது. பாலத்தின் அடியில் ஒரு பிக்சலுக்குக் கால் விநாடியில் 10 எலெக்ட்ரான் சேர்கிறது என்போம். ஒளி சீராக வருவதில்லை, தூறல் போல முன்னே பின்னே விழும். அந்தப் பிசகு எண்ணிக்கையின் வர்க்கமூலம். 10-க்கு 3, அதாவது 30 சதவீதம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இப்படி மாறினால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். 16 விநாடி திறந்தால் 640 எலெக்ட்ரான். பிசகு 25, வெறும் 4 சதவீதம்.

சேர்ப்பது அப்புறம் சுலபமான கணக்கு. சென்சார் அளந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் அதன் எக்ஸ்போஷர் நேரத்தால் வகுத்தால் காட்சியின் உண்மையான ஒளி கிடைக்கும். ஆறு படத்தின் விடைகளையும் சராசரி எடுக்கலாம், ஆனால் வழிந்ததற்கும் வற்றியதற்கும் மதிப்பைக் குறைத்து. இதற்கு ஒழுங்கான வழியை டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997-இல் கொடுத்தார்கள். யோசனை அதற்கும் பழையது. 1850-களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ க்ரே என்ற புகைப்படக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார்.

தலைவலி தொடங்குவது 20 ஸ்டாப்பைத் திரைக்குள் அடக்கும்போது. திரை சாதாரணமாகக் காட்டுவது அதில் பாதிதான். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நசுக்கினால் படம் சாம்பல் பூத்துவிடும். பகுதி பகுதியாகச் சரிசெய்தால் வளைவின் விளிம்பை ஒட்டி வானத்தில் ஒளிவட்டம் கிளம்பும். 2002-இல் டுரான், டோர்சி என்ற ஆய்வாளர்கள் கண்ட வழி, படத்தைப் பெரிய வெளிச்ச வேறுபாடு, நுண்விவரம் என்று இரண்டாகப் பிரித்து முதலாவதை மட்டும் சுருக்குவது. எனக்கு இரவுக் காட்சிக்குப் பிடித்தது 2007-இல் மெர்டென்ஸ் என்பவரின் ஆய்வுக் குழு சொன்ன முறை: ஒளியை அளக்கும் வேலையே இல்லை, ஆறு படங்களிலும் எங்கே எது நன்றாக விழுந்திருக்கிறதோ அதைக் கூடுதலாக எடுத்துக் கலப்பது. எந்த மென்பொருளானாலும் நிழலை ஏற்றும் ஸ்லைடரைப் பாதியில் விட்டுவிடுங்கள். பாலத்தடியில் ஒவ்வொரு கல்லும் பளிச்சென்று தெரிந்தால் அது ராத்திரிப் படமே இல்லை.

நேப்பியர் பாலத்தில் இன்னொரு வம்பு உண்டு. வண்ண விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் படத்தில் நீலம், மூன்றாவதில் ஊதா என்றால் கலவையில் அங்கே இல்லாத ஒரு நிறம் முளைக்கும். ஆகவே வளைவுக்கு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கார்களின் ஒளிக்கோடுகளுக்கும் அப்படியே. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/500 விநாடிக்குப் போனால் சில விளக்குகள் அணைந்தே பதிவாகும். படத்தில் விளக்கின் நடுப்புள்ளி வெளிறிப்போனால் போகட்டும் என்று 1/60-லேயே நிற்பது அதனால்தான்.

சூரியன் மறைந்து வானம் கடும் நீலமாக நிற்கும்போது எடுத்தால் இந்தப் பாடெல்லாம் பாதியாகக் குறையும். நிழலில் வானத்தின் ஒளி இன்னும் விழுவதால் 20 ஸ்டாப் காட்சி சுருங்கி, மூன்று படமே போதும். மேற்கு வானம் பாலத்துக்குப் பின்னால் விழும்படி இடம் பிடியுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அந்த நீலம் ஐரோப்பாவில்போல நின்று நிதானிக்காது. அரை மணிக்குள் போய்விடும். டிரைபாடை வெளிச்சம் இருக்கும்போதே பூட்டி வைத்துவிடவேண்டும்.