ஓட்ஸ் கஞ்சியும் வள்ளிக் கும்மியும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் 46 வயதுப் பெண்மணி ஒருவர், நான் எழுதிக்கொடுத்த உணவு அட்டவணையை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ஐந்து மாதம் கழித்து மீண்டும் என்னைப் பார்க்க வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் இரண்டு மாதங்களில் நான்கு கிலோ குறைந்திருந்த அவரது எடை, அடுத்த மூன்று மாதங்களில் ஐந்து கிலோ கூடியிருந்தது. "மேடம், நீங்க எழுதிக் குடுத்ததை ரெண்டு மாசம் அப்படியே செஞ்சனுங்க. அப்புறம் அந்த ஓட்ஸ் டப்பாவைப் பார்த்தாலே அழுகை வந்துருச்சுங்க" என்றார். அவருக்கு மன உறுதி போதவில்லை என்றுதான் அன்று முதலில் நினைத்தேன். அட்டவணையை வாங்கிப் பிரித்துப் பார்த்தபோதுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது.

காலையில் ஓட்ஸ், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு கோதுமை ரவை உப்புமா. அதில் இருந்த ஒரு பண்டம்கூட அவர் வீட்டு அடுப்பில் வழக்கமாக ஏறுவதில்லை. அவர் வீட்டில் கொள்ளும் பச்சைப்பயறும் கடைவார்கள், தட்டைப்பயற்றுக் குழம்பு வைப்பார்கள், வாரத்தில் இரண்டு நாளாவது அரிசியும் பருப்புச் சாதம் செய்வார்கள். இவற்றையெல்லாம் குடும்பத்துக்குப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கஞ்சியைக் குடித்திருக்கிறார். சாப்பாட்டைத் தண்டனையாக மாற்றியது போதாதென்று, அவரை வீட்டுப் பந்தியிலிருந்தும் எழுப்பிவிட்டிருக்கிறேன்.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவர் வீட்டு அரிசியும் பருப்பிலிருந்து தொடங்கினோம். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு என்பது அவர்கள் வீட்டு அளவு. அதை ஒன்றரை டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பாக மாற்றி, தட்டில் பாதி இடத்தைக் கீரைக்கோ அரசாணிக்காய்ப் பொரியலுக்கோ ஒதுக்கச் சொன்னேன். பருப்பு கூடினால் புரதமும் நார்ச்சத்தும் கூடும், வயிறு சீக்கிரம் நிறையும், அடுத்த பசி தள்ளிப்போகும். நெய்யை நிறுத்தட்டுமா என்று அவரே கேட்டார், வேண்டாம் என்றேன். ஒரு தேக்கரண்டி நெய்யில் இருப்பது ஏறத்தாழ 45 கலோரிதான். அந்தச் சாதத்தின் மணமே அதில்தான் இருக்கிறது என்பதால், அதை மிச்சம் பிடித்து சாதத்தையே வெறுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் இரண்டு, கம்பெனியில் இரண்டு என நாளொன்றுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று கணக்கிட்டால், டீ வழியாக மட்டும் சுமார் 40 கிராம் சேர்கிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே நாளில் நிறுத்தினால் டீயும் கசக்கும், நானும் கசப்பேன். வாரத்துக்குக் கால் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு மெல்லப் பழகிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்துப் பழைய டீயைக் குடித்துப் பார்த்துவிட்டு, பாயசம் மாதிரி இருக்கிறதென்று பாதியிலேயே வைத்துவிட்டார்.

நடைப்பயிற்சிதான் கடைசி வரை அவருக்கு ஒத்துவரவில்லை. விடிகாலையில் தெருநாய் பயம், தனியாக நடக்கும் சலிப்பு. வீட்டிலிருந்த டிரெட்மில்லில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆடி மாதத்தில், பக்கத்துத் தெருப் பெண்கள் அவரை வள்ளிக் கும்மிப் பயிற்சிக்கு இழுத்துச் சென்றார்கள். முருகனும் வள்ளியும் மணந்த கதையைப் பாடியபடி ஆடும் இந்தக் கும்மி கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஒருநாள் இரவு நானே போய்ப் பார்த்தேன். கோவில் திடலில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாற்பது பெண்கள் வட்டமாக நிற்க, ஆசிரியர் மைக்கில் மெதுவாகத் தொடங்கிய பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்க, குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, திரும்பி ஆடிய நம் பெண்மணியின் முதுகு பத்தே நிமிடத்தில் நனைந்திருந்தது. மிதமான உடற்பயிற்சியை அடையாளம் காண எளிய சோதனை ஒன்று உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டை ஆசிரியர் பார்த்துக்கொண்டதால் சிக்கல் எழவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 180 நிமிடம் ஆகிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு தேவை என்னும் கணக்கில், அவர் நிமிடங்களை எண்ணாமலேயே தேறிவிட்டார்.

எடை பார்க்கும் எந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு, தண்ணீர், மாதவிடாய், மலச்சிக்கல் ஆகிய எதனாலும் ஓரிரு கிலோ ஏறி இறங்கும் ஒன்றைத் தினமும் காலையில் பார்த்து, அன்றைய மனநிலையை அதனிடம் ஒப்படைப்பது வீண் வேலை. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. உணவிலும் உடலுழைப்பிலும் மாற்றம் செய்துகொண்ட பிரிவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. எடை அசையாத மாதங்களிலும் உடம்புக்குள் நல்லது நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டவர்கள் பாதியில் விட்டுப்போவது குறைவு. மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதி வைக்கச் சொல்கிறேன். நம்மவர்களில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும், ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருப்பது நல்லது.

எல்லோருக்கும் கும்மி பொருந்தாது. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நடக்கும்போது மட்டுமே பழைய பாட்டுக் கேட்பது என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டு, பாட்டு முடியவில்லையே என்பதற்காக இன்னொரு சுற்று நடக்கிறார். எது பிடிக்கிறதோ அதைத் தேடிக்கொள்ளக் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆராய்ந்தபோது, ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கல்யாண விருந்தில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டேன் என்று குற்றவாளியைப் போல வந்து நிற்பவர்களிடம், ஜிலேபி நன்றாக இருந்ததா என்று மட்டும்தான் இப்போதெல்லாம் கேட்கிறேன்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புதிய பயிற்சியில் இறங்கக் கூடாது. முயலாமலேயே எடை குறைந்தால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி அன்று. உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

79 கிலோவுடன் அன்று அட்டவணையைத் திருப்பித் தந்த அந்தப் பெண்மணி ஓராண்டில் 72-க்கு வந்திருக்கிறார். இடுப்பளவு 98-லிருந்து 90 ஆகியிருக்கிறது. இன்னும் தூரம் இருக்கிறது. சென்ற மாதம் வந்தபோது எடை எந்திரத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வலது முழங்கால் லேசாக வலிக்கிறது, அடுத்த அரங்கேற்றத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடுமா என்பதுதான் அவருடைய ஒரே கவலை. எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை எழுதிக்கொடுத்து, பத்து நாள் ஆட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்து நாளும் திடலுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டுவிட்டு வந்தாராம்.