ஆல்கலாய்டு: புல்லுக்குள் குடியிருக்கும் காரப்போலி

காரம் என்றதும் நமக்கு மிளகாய் ஞாபகம்தான் வரும். வேதியியல் சொல்லும் காரம் வேறு. வண்ணாரப்பேட்டை மாதிரி சலவைத் தொழிலால் பேர் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு உவர்மண் என்றால் புரியும், அழுக்கெடுக்கிற அந்தக் குணம்தான் காரம். சவுக்காரம் என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரபியில் தாவரச் சாம்பலுக்கு அல்-கலி என்று பெயர், அதிலிருந்து அல்கலி. செடிகளிலிருந்து எடுத்த சில பொருட்கள் காரம் போலவே நடந்துகொள்வதால், 'போன்ற' என்று பொருள்தரும் கிரேக்க விகுதியைச் சேர்த்து 1819இல் ஜெர்மன் மருந்தாளர் மைஸ்னர் ஆல்கலாய்டு என்றார். தமிழில் காரப்போலி. போலி என்றால் டூப்ளிகேட் இல்லை, இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி என்று படித்தோமே, அந்தப் போலி. டீயில் காஃபீன், பாக்கில் அரிக்கோலின், பீடியில் நிக்கோடின் எல்லாம் இதே வகை.

இதைச் செடிதான் செய்ய வேண்டும் என்றில்லை. நியூசிலாந்து, அமெரிக்கா மேய்ச்சல் நிலங்களில் இருக்கும் ரைகிராஸ், டால் ஃபெஸ்க்யூ புற்களின் செல்களுக்கு நடுவில் எபிக்ளோயி என்ற பூஞ்சை வெளியே தெரியாமல் வாழ்கிறது, விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகிறது. புல் சோறு போடும், பூஞ்சை வாடகைக்குப் பதில் காரப்போலி தரும். அதில் பெரமைன் தண்டைத் துளைக்கும் அர்ஜென்டினா கூன்வண்டை விரட்டும், லோலைன்கள் பூச்சிகளைக் கொல்லும். சிக்கல் மற்ற இரண்டில்: லோலிட்ரெம்-பி ஆடுமாடுகளை நடுங்கித் தள்ளாட வைக்கும், எர்கோவாலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வெயிலில் மாட்டுக்குச் சூடு தணியாது, பால் குறையும், குளிரில் கால் அழுகுவதும் உண்டு. அமெரிக்காவில் 1943இல் வெளியான கென்டக்கி-31 ஃபெஸ்க்யூ ஊரெல்லாம் பரவிய பிறகு, மாடு நோவதற்குக் காரணம் உள்ளேயிருக்கும் பூஞ்சை என்று 1977இல்தான் பிடிபட்டது.

அதனால் மொத்தத்தையும் 'பூஞ்சை நச்சு' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரமைன் மட்டும் செய்து மாட்டை வாட்டும் அந்த இரண்டையும் செய்யாத ஏஆர்1 என்ற பூஞ்சை ரகத்தை நியூசிலாந்துக்காரர்கள் விதையிலேயே ஏற்றி விற்கிறார்கள், அதையும் நச்சு என்பதா? அப்புறம் இப்படிச் செடிக்குள்ளேயே வாழும் பூஞ்சையைக் குறிக்கும் எண்டோஃபைட் என்ற ஆங்கிலச் சொல்லை 'அகத்தாவரம்' என்று மொழிபெயர்ப்பதும் வேண்டாம், பூஞ்சை தாவரமே இல்லை. உள்வாழ் பூஞ்சை போதும்.

சரி, மாதவரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். எபிக்ளோயி குளிர்நாட்டுப் புற்களோடு வாழ்வது; நாம் போடும் கோ-4 கம்பு நேப்பியர் அந்த வகைப் புல் இல்லை.