பழைய ஸ்டீரியோ ரிசீவரை நேராக பிளக்கில் சொருகாதீர்கள்

பரணில் இருந்து இறக்கிய ஸ்டீரியோ ரிசீவரை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் உள்ள செட்) தூசி தட்டி, ஸ்பீக்கரை மாட்டி, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் வேலை. என் மேஜைக்கு வருகிற செட்களில் பெரிய சேதம் பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில் நடந்ததுதான். பல வருடம் சும்மா கிடந்த செட்டில் ஏதோ ஒரு சின்னப் பாகம் கெட்டிருக்கும். முழு மின்சாரமும் ஒரேயடியாகப் பாய்ந்ததும் அது அக்கம்பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். சில ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

1970களில் ஜப்பானில் தயாரான பயனியர், சான்சுய், மராண்ட்ஸ், கென்வுட், யமஹா ரிசீவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கொண்டுவந்தவை நம் ஊர் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பாகங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும், கைக்கு எட்டும். பல மாடல்களுக்கு சர்வீஸ் மேனுவலும் இணையத்தில் கிடைக்கிறது. பொறுமையும் ஒரு நல்ல மல்டிமீட்டரும் இருந்தால் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வரிசை தப்பக் கூடாது.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்தது 100 வோல்ட். அமெரிக்காவுக்குப் போனது 120 வோல்ட். ஏற்றுமதி மாடல்களில் 110, 120, 220, 240 என்று மாற்றிக்கொள்ள ஒரு செலக்டர் இருக்கும். நம் வீட்டுக்கு வருவது 230 என்று பெயர், ராத்திரி நேரத்தில் அதற்கு மேலும் ஏறும். அதனால் செலக்டரை 240இல் வையுங்கள். 220இல் வைத்தால் பாட்டு வரும்தான், ஆனால் டிரான்ஸ்பார்மர் முதல் கெப்பாசிட்டர் வரை எல்லாமே தேவையில்லாமல் சூடேறும். 100 அல்லது 120 வோல்ட் மட்டும் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். இன்னொன்று: ஜப்பான் உள்நாட்டு மாடலின் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் ஊர் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் டயலை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் கிடைக்காது. அது பழுது இல்லை. டியூனர், அதாவது ரேடியோ பகுதி, கெட்டுவிட்டது என்று அதன் திருகுகளைத் தொடாதீர்கள். தொட்டால், சரியாக இருந்த அலைன்மென்டும் (அலைவரிசைப் பொருத்தமும்) போய்விடும்.

மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கினாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. உள்ளே டப்பா மாதிரி நிற்கிற இரண்டு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 10,000 மைக்ரோஃபாரட், 50, 60 வோல்ட் என்பது இந்த செட்களில் சாதாரணம். சிலர் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து 'பட்' என்று ஷார்ட் செய்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கெப்பாசிட்டரும் கெடும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் நன்றாக உறையிட்ட வயர் சேர்த்து, ஒவ்வொரு கெப்பாசிட்டர் முனைகளின் குறுக்கேயும் சில விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரை வைத்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

உள்ளே அவசரமில்லாமல் கண்ணாலேயே ஒரு சுற்று பாருங்கள். கருகிய ரெசிஸ்டர், உப்பிய கெப்பாசிட்டர், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சுற்றிவைத்த கம்பி. அந்தக் கம்பியைக் கண்டால் முதலில் எடுத்துவிட்டு, அச்சிட்ட அளவுக்கே ஃபியூஸ் போடுங்கள். பாகங்கள் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய பசையையும் கவனியுங்கள். புதிதில் வெளிர் மஞ்சளாக இருந்தது, சூட்டில் பல வருடம் வெந்து அடர்பழுப்பாகியிருக்கும். அந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், கால்களையும் அரிக்கும். காரணம் பிடிபடாத இரைச்சலுக்கும் டிரான்சிஸ்டர் சாவுக்கும் இந்தப் பசை காரணமாக இருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள்.

இப்போது சீரிஸ் பல்பு. ரிசீவருக்குப் போகும் ஃபேஸ் வயரின் நடுவில் ஒரு ஹோல்டரை வைத்து, பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைப் போட வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே இருக்கிற இழை சூடாகும்போது மின்தடை ஏறுவதுதான் நமக்குப் பாதுகாப்பு. ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல் சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பெரிய ஷார்ட் எதுவும் இல்லை. மங்காமல் பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். மின்சாரத்தை ஒரே திசைக்கு மாற்றுகிற பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ, ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும். அந்த செட்டை நேராக பிளக்கில் சொருகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பல்பே காட்டிவிடும்.

பல்பு மங்கிய செட்டை, ஸ்பீக்கர் இல்லாமலேயே, நேரடி மின்சாரத்துக்கு மாற்றுங்கள். சில விநாடிகளில் உள்ளே 'டிக்' என்று ஒரு ரிலே (ஸ்பீக்கரைத் தானாக இணைக்கிற சுவிட்ச்) சத்தம் கேட்க வேண்டும். இந்த ரிலேயைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். ரிலே இழுக்கவில்லை என்றால் ரிலே கெட்டுவிட்டது என்று நினைத்து, அதைத் தாண்டி ஒரு வயரை ஒட்டிவிடுகிறார்கள். பல சமயம் ரிலே தன் கடமையைத்தான் செய்துகொண்டிருக்கும். ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வந்துவிட்டது, ஸ்பீக்கரை இணைக்க மாட்டேன் என்று மறுக்கிறது. 40 வோல்ட் டிசி ஒரு 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போனால் கணக்கு என்ன? 5 ஆம்பியர், 200 வாட். அத்தனையும் சூடு மட்டுமே. ஸ்பீக்கருக்குள் இருக்கிற காயில் (கம்பிச்சுருள்) அசையாமல் ஒரே இடத்தில் நின்று எரியும். நல்ல ஸ்பீக்கர் ஒன்று இப்படிச் சாக சில விநாடிகள் போதும்.

டிசி இருக்கிறதா என்று ஸ்பீக்கர் முனையில் அளந்து பயனில்லை, ரிலே திறந்திருக்கும்போது அங்கே எதுவும் தெரியாது. ரிலேக்கு முன்னால், அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் ரெசிஸ்டர்கள் (எமிட்டர் காலோடு கோத்தவை) சேருகிற இடத்தில் அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு வயரை கிளிப் போட்டுச் சேஸிஸில் (செட்டின் உலோக உடம்பில்) மாட்டிவிட்டு, ஒரே கையால் அளங்கள். முனை வழுக்கி இரண்டு காலைத் தொட்டால் நல்ல டிரான்சிஸ்டரும் போய்விடும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அந்தச் சேனல் ஆரோக்கியம். பத்து, இருபது, நாற்பது வோல்ட் என்று காட்டினால் அந்தப் பக்கம்தான் குறை. அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தால் அதன் எமிட்டர் ரெசிஸ்டரையும், அதற்கு முன்னால் நின்று அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் கழற்றிச் சோதியுங்கள். ஒன்று மட்டும் தனியாகப் போவது அரிது. மாற்றிய பிறகு மறுபடியும் சீரிஸ் பல்புதான்.

ரிலே இழுக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. இதற்குச் செட்டைப் பிரிக்கத் தேவையே இருக்காது. முகப்பில் டேப் மானிட்டர் பட்டன் (டேப் டெக்கின் ஒலிக்கு மாற்றுவது) அமுங்கியிருக்கும், அல்லது பின்பக்கத்தில் ப்ரீ அவுட், மெயின் இன் என்ற இரண்டு சாக்கெட்டையும் சேர்க்கிற சின்ன உலோக வளைவைக் காணாமல் அடித்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வராமல், வால்யூமைக் கூட்டியதும் சட்டென்று வந்தால், ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருக்கின்றன. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டிக் காகிதத் துண்டை நடுவில் வைத்து மெல்ல இழுத்தால் கறுப்பு காகிதத்தில் வரும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். நிரந்தரத் தீர்வு, அதே காயில் வோல்டேஜ் உள்ள புது ரிலே.

வால்யூமைத் திருகும்போது வருகிற கரகரப்புக்கு எலக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே சில நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு பழையதைவிட மோசமாகும். செட்டை அணைத்துவிட்டு, வால்யூம் கன்ட்ரோலின் உடம்பில் உள்ள சந்துக்குள் கொஞ்சமாக அடித்து, கடைசிவரை பலமுறை திருகுங்கள்.

திருகாமலேயே படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் அது வேறு. 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்ற சில டிரான்சிஸ்டர்கள் வயதானால் இரைவதற்குப் பெயர்போனவை. கால்கள் கறுத்திருக்கும். கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 ஆகியவை இவற்றுக்கு வழக்கமான மாற்று. போடும் முன் கால் வரிசையை டேட்டாஷீட்டில் சரிபாருங்கள்.

பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடுகிற சின்ன மின்னோட்டத்தை, சொல்லாமல் விட முடியாது. எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே வரும் மில்லிவோல்ட்டை அளந்து, டிரிம்மரால் (பலகையில் உள்ள சின்னத் திருகு ரெசிஸ்டரால்) மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 0.33 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 30 மில்லிஆம்பியர். செட் கால் மணி நேரம் ஓடிய பிறகே அளக்க வேண்டும், சீரிஸ் பல்பில் இருக்கும்போது அல்ல. விடி1212, எஸ்டிவி-3எச் போன்ற பயாஸ் டையோடுகள் வயதில் மின்சாரத்தைக் கடத்தாமல் போனால் பயாஸ் கட்டுக்கடங்காமல் ஏறி அவுட்புட்டை எரித்துவிடும். புது அவுட்புட் டிரான்சிஸ்டர் போட்டும் திரும்பத் திரும்பப் போகிறது என்று வருகிற செட்களில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சின்ன டையோடையும் டிரிம்மரையும்தான்.

அடுத்த காரணம் போலி டிரான்சிஸ்டர். உற்பத்தி நின்றுபோன பழைய எண் கடையில் புத்தம் புதிதாகப் பளபளக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அசிட்டோன் தொட்ட துணியால் தேய்த்தால் சில போலிகளில் எழுத்தே அழிந்துவிடும். உள்ளே சிறிய சில்லு இருக்கும், வால்யூமைக் கூட்டும்வரை தாங்கும், அப்புறம் டிசியோடு சாகும். பழைய எண்ணைத் தேடி அலைவதைவிட, இன்றும் தயாராகிற எம்ஜே15003, எம்ஜே15004 போன்றவற்றை, உங்கள் செட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்து, பெயர்பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குவது நல்லது.

எல்லாக் கெப்பாசிட்டரையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறை எங்கே என்று தெரியாமல் அறுபது இடத்தில் ஈயம் உருக்கினால், பழைய பலகையின் செப்புத் தடம் உரியும், ஒன்றிரண்டு துருவம் மாறிப் போகும், பிறகு பழைய குறை எது, நாம் செய்த குறை எது என்றே தெரியாது. செட்டை முதலில் பேச வையுங்கள். பிறகு பவர் சப்ளை பலகை, அப்புறம் மற்றவை என்று ஒவ்வொரு பலகையாக மாற்றுங்கள். ஒன்று முடிந்ததும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கட்டும், 105 டிகிரி வகையாக வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், போனாலும் வருத்தமில்லாத ஒரு பழைய ஸ்பீக்கரில் சில மணி நேரம் ஓட விடுங்கள். நடுநடுவே இரண்டு பக்க ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள், சூடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் டிசியையும் பயாஸையும் மறுபடி அளந்து குறித்துவையுங்கள். அளவு நகராமல் நின்றால் உங்கள் நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம்.